பெயர்ப்பலகை மாறினால் கட்டடம் பிழைக்குமா?

2025 ஜூன் 2, காலை

புளியரையிலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயரை வைத்துவிட்டார்கள். இனி அந்தக் கட்டடத்தில் யாராவது கடப்பாரை வைக்க முடியுமா? நம் மலைப்பாதையில் பாழாய்க் கிடக்கும் பழைய ஸ்டேஷனுக்கும் ஒரு தலைவர் பெயரை வைத்துவிட்டால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். நீ ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள்தானே தங்கச்சி, இதற்கும் ஒன்று எழுதிக் கொடு."

எழுத மாட்டேன். கடையில் ஜெராக்ஸ் எடுக்க ஆள் நிற்கிறது. காரணத்தை இரவில் சொல்கிறேன்.

ஜூன் 2, இரவு

ஆரியங்காவில் மழை பிடித்துக்கொண்டது. கடை சாத்தியாயிற்று.

அண்ணாச்சி, சென்ட்ரல் பெயரால் பிழைக்கவில்லை. எம்.ஜி.ஆர். பெயர் அதற்கு வந்தது 2019 ஏப்ரலில். கட்டடம் 1873-இலிருந்து நிற்கிறது. இடைப்பட்ட காலமெல்லாம் அது வெறும் சென்ட்ரல்தான். பகலும் இரவும் ஜனம் வந்து இறங்குகிற இடத்தில் கடப்பாரை வைக்க யாருக்கும் துணிவு வராது, அவ்வளவுதான்.

ராயபுரத்தைப் பாருங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜாபேட்டைப் பக்கம் புறப்பட்டது. பம்பாயிலும் ஹௌராவிலும் முதன்முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. ராயபுரத்துத் தூண்கள் நிற்கின்றன. நாட்டில் எஞ்சியிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். அதற்கு எந்த மனிதர் பெயரையும் யாரும் வைக்கவில்லை.

எந்த ஸ்டேஷனைப் பற்றி அண்ணாச்சி பேசுகிறார் என்று கேட்பவர்களுக்கு: கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையில், தென்மலைக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ஒன்று. பெயரைச் சொன்னால் இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத்தான் தொந்தரவு. அதனால் சொல்லவில்லை.

ஜூன் 3

ஒரு திருத்தம். ராயபுரத்துக்கு மனிதர் பெயர் இல்லை என்று நேற்று எழுதினேன். என்னோடு படித்தவள், தூத்துக்குடிக்காரி, காலையில் காபி குடிப்பதற்குள் போன் செய்துவிட்டாள். "ராயப்பர் யாரென்று தெரியாதா உனக்கு? பேதுருவைத்தான் நாங்கள் ராயப்பர் என்போம். அவர் பெயரில் உள்ள கோயிலால்தான் அது ராயபுரம்." அவள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பெயரை யாரும் அரசாணை போட்டுப் பலகையில் ஏற்றவில்லை. கடலோர மக்கள் கும்பிட்ட பெயர் ஊருக்குப் பெயராயிற்று, ஊரின் பெயர் ஸ்டேஷனுக்கு வந்தது. நான் மதிக்கிற பெயர் வைப்பு அதுதான்.

ஜூன் 3, மாலை

சென்ட்ரலைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதன் முதல் வடிவம் ஜார்ஜ் ஹார்டிங் போட்டது. பிறகு ராபர்ட் சிஷோம் அதை மாற்றி நடுவில் மணிக்கூண்டைச் சேர்த்தார். முக்கியக் கோபுரங்களின் தலையில் அவர் வைத்த தொப்பிக் கூரைகள் திருவிதாங்கூர் பாணி. வேலையெல்லாம் முடியும்போது 1900 ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டிய அதே சிஷோம்தான் இவரும்.

முதல் முறை சென்னைக்குப் போனபோது எனக்கு வயது பத்தொன்பது. சென்ட்ரல் எதிரே சாலையைக் கடக்கத் தெரியாமல் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன். எங்கேயோ பார்த்த கூரை மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்தபோது அந்த ஊரின் மேல் இருந்த பயத்தில் பாதி போய்விட்டது. நம் மலைக்கு இந்தப் பக்கத்து மழைக்காகப் பிறந்த கூரைச் சாயலை அங்கே வெயிலில் நிற்கும் கோபுரத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 5

"அந்தப் பாழடைந்த கட்டடத்தில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கொல்லத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

கொல்லத்திலிருந்து புனலூர் வரை 1904 ஜூனில் வண்டி ஓடத் தொடங்கியது. மலையைக் குடைந்து செங்கோட்டைவரை முழுப்பாதையும் திறந்தது அதே ஆண்டு நவம்பரில். மீட்டர் கேஜ், ஒற்றைப் பாதை. மலை ஏற ஒரு என்ஜின் போதாது, பின்னால் இன்னொன்று தள்ள வேண்டும். 2010 செப்டம்பரில் மலைப்பகுதியில் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தினார்கள். அகலப் பாதையாகி முழுத்தொலைவும் வண்டி ஓட 2018 ஆயிற்று. எட்டு வருடம் மலை ஊமையாகக் கிடந்தது. அந்த எட்டு வருடத்தில் பல பழைய கட்டடங்கள் தேய்ந்தன, சில காணாமலே போயின. நான் சொல்லும் ஸ்டேஷனில் புதுக் கட்டடம் வந்துவிட்டது. பழையது அதற்கு நாற்பது அடி தள்ளி, கேபிள் சுருளும் துருப்பிடித்த போல்ட்டும் போட்டுவைக்கும் கிடங்காக நிற்கிறது.

என் அப்பா இந்தப் பாதையில் கீமேன். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்கும் ஆப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று தினமும் நடந்து பார்ப்பதுதான் கீமேனின் வேலை. தோளில் நீளக் கைப்பிடிச் சுத்தியல், இடுப்பில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும், பையில் அவசரத்துக்குத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசு. ஆப்பைத் தட்டினால் இறுகியது கணீரென்று சொல்லும், தளர்ந்தது பொத்தென்று சொல்லும். அந்தப் பொத்து எங்கே கேட்டாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் அம்மா பித்தளைக் குடத்தைத் தரையில் வைக்கும் சத்தம் மாறினால்கூட, "ஓட்டையாகியிருக்கும், பார்" என்பார்.

கட்டடத்துக்குள் போனால் இடது கையில் டிக்கெட் ஜன்னல். அரைவட்டத் துளை, ஒரு கை நுழையும். அதன் கீழ் விளிம்பில் கருங்கல் வழவழவென்று குழிந்திருக்கிறது. நூறு வருடமாகக் காசை நீட்டிய கைகள் தேய்த்த குழி அது. என் கட்டைவிரல் முழுதும் அதில் உட்காரும். அடுத்த அறையில் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நான்கு போல்ட் துளைகள். டோக்கன் கருவி நின்ற இடம். ஒற்றைப் பாதையில் டோக்கன் உருண்டை கையில் இல்லாமல் எந்த வண்டியும் அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பக் கூடாது. இரும்பு உருண்டையைத் தோல் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் கோத்து, வண்டி வரும்போது பாயிண்ட்ஸ்மேன் கையை உயர்த்தி நிற்பார். என்ஜினிலிருந்து ஒரு கை வந்து வளையத்தை அள்ளிக்கொண்டு போகும். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் அதைப் பார்க்க நாங்கள் பிள்ளைகள் தூங்காமல் கிடப்போம்.

இதுதான் அதில் இருக்கிறது.

ஜூன் 5, இரவு

தீப்பந்தம் என்று எழுதியது என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "உன் காலத்தில் டார்ச் லைட் வந்துவிட்டது. தீப்பந்தம் பார்த்தது உன் ஆச்சி" என்கிறாள். ஆச்சி சொன்ன கதையை என் கண்ணால் கண்டதாகவே இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். மாற்றிக்கொள்கிறேன்.

ஆச்சியைப் பற்றிச் சொன்னதும் நினைவு வருகிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது. அன்றைக்கு அது சென்னை மாநிலத்துக்குப் போனது, ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. அதன் பிறகு அரிசிக் கட்டுப்பாடு வந்த காலத்தில், செங்கோட்டைச் சந்தையிலிருந்து இரண்டு படி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு அதே வண்டியில் ஏறினால் அது கடத்தலாயிற்று. சோதனைக்காரர்கள் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால் பெண்கள் அந்தப் பழைய ஸ்டேஷனின் காத்திருப்பு அறையில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்களாம். அரிசியை அடுப்பில் போடும் போதெல்லாம் ஆச்சி இந்தக் கதையைச் சொல்வாள்.

ஜூன் 8

தலைவர் பெயருக்கு நான் பொதுவாகவே எதிரியா என்று அண்ணாச்சி கேட்கிறார். இல்லை. காப்பாற்றியவரின் பெயர் என்றால் நானே ஏணி பிடிக்கிறேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் என் அண்ணன் மகள் சொன்ன கதை இது. பாரிஸில் செய்ன் நதிக்கரையில் ஓர்சே என்று ஒரு ஸ்டேஷன். 1900-இல் உலகக் கண்காட்சிக்கு வருபவர்களுக்காகத் திறந்தார்கள். விக்தோர் லாலூ என்பவர் கட்டியது. நாற்பது வருடம்கூட ஆகவில்லை, வண்டிகள் நீளமாகிவிட்டன, பிளாட்பாரம் பற்றவில்லை. 1939-இல் தொலைதூர வண்டிகள் நின்றன. பிறகு அதை இடித்துவிட்டு ஹோட்டல் கட்டத் திட்டம். அதைத் தடுத்து அருங்காட்சியகமாக்கியவர் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேன். 1986 டிசம்பரில் திறந்தது. அவர் 2020-இல் இறந்த பிறகு, 2021-இல் அவர் பெயரை அந்த அருங்காட்சியகத்தின் பெயரோடு சேர்த்தார்கள். ஓர்சேயை எடுக்கவில்லை, அதனோடு சேர்த்தார்கள். பிளாட்பாரம் பற்றவில்லை என்று கைவிட்ட ஸ்டேஷன் அண்ணாச்சி, நம்முடையதைப் போலவே.

ஜூன் 9

நேற்று எழுதியதில் ஒரு பாதி தவறு. அண்ணன் மகளே திருத்தினாள். இடிப்பதைத் தடுத்தவர் ஜிஸ்கார் அல்ல. 1970-இல் இடிக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஹோட்டல் திட்டத்தை மறுத்தவர் பண்பாட்டு அமைச்சராக இருந்த ழாக் துய்அமெல். 1973 மார்ச்சில் கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலின் துணை ஏட்டில் சேர்த்தார்கள். ஜிஸ்கார் அதிபரானதே 1974-இல்தான். அவர் செய்தது, 1977 அக்டோபரில் அதை அருங்காட்சியகமாக்க முடிவெடுத்தது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பலகையில் ஏறியவர் இரண்டாமவர். கடப்பாரையைப் பிடித்து நிறுத்தியவர் பெயர் பலகையில் இல்லை. ஆனால் யோசித்தால், துய்அமெல் மறுத்ததோடு நின்றிருந்தால் அது காலிக் கட்டடமாகவே உளுத்துப்போயிருக்கும். ஒருவர் நிறுத்தினார், ஒருவர் அதற்கு வேலை கொடுத்தார். நம் கட்டடத்துக்கு இப்போது இரண்டும் வேண்டும்.

ஜூன் 11

மழை நான்காவது நாள். பழைய ஸ்டேஷன் கூரையில் ஓடுகள் நழுவியிருக்கின்றன. டோக்கன் அறையில் தண்ணீர் நிற்கிறது.

ஜூன் 13

பெயர் மாற்றத்தில் எனக்கு ஆத்திரம் வருவது ஊர் அழியும்போது. முகல்சராய் என்றால் வடக்கே போன எவருக்கும் தெரியும். 2018-இல், ஜனசங்கத் தலைவர் ஒருவரின் பெயரால், அது தீனதயாள் உபாத்யாய சந்திப்பாயிற்று. அந்த ஊருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? கொச்சுவேளி என்று நம் பக்கத்தில் ஓர் அழகான பெயர் இருந்தது, 2024-இல் அது திருவனந்தபுரம் நார்த் ஆனது. யாரும் தலைவர் பெயரை வைக்கவில்லை, பக்கத்துப் பெரிய ஊர் சின்ன ஊரை விழுங்கியது, அவ்வளவே. கடற்கரையில் கொச்சுவேளி இன்னும் இருக்கிறது. ரயிலில் வருகிறவனுக்குத்தான் அது இல்லை.

ஜூன் 14

முகல்சராய் பற்றி அவசரப்பட்டுவிட்டேன். தீனதயாள் உபாத்யாய 1968 பிப்ரவரியில் இறந்து கிடந்தது முகல்சராய் ஸ்டேஷன் அருகில்தான். தொடர்பு இல்லை என்று எழுதியது தவறு. அந்த மனிதரை நினைப்பவர்களுக்கு அந்த இடத்தில் காரணம் இருக்கிறது. ஊர்ப்பெயரை முழுவதும் எடுத்திருக்க வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

ஜார்க்கண்டில் கோமோ என்ற சந்திப்பு இருக்கிறது. 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து தப்பி வந்து அங்கேதான் ரயில் ஏறினார். 2009-இல் அதற்கு நேதாஜி பெயரை வைத்தபோது கோமோவையும் பின்னால் விட்டுவைத்தார்கள். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கோமோ. இரவில் ரயில் நிற்கும்போது எட்டிப் பார்க்கிற குழந்தை "ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால், "இங்கேதான் ஏறினார்" என்று சொல்லலாம். எவ்வளவு சுருக்கமான பதில்!

ஜூன் 17, செங்கோட்டை

ஒரு பத்திர வேலையாக வந்தேன். வாஞ்சிநாதன் சிலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். இன்றைக்குத்தானே அந்த நாள்.

நம் பாதைக்காரர்களில் பலருக்கு இது தெரியாது: செங்கோட்டையில் பிறந்த வாஞ்சி வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். பாதை திறந்து ஏழே வருடம் ஆகியிருந்தது. 1911 ஜூன் 17 காலையில், மணியாச்சி ஸ்டேஷனில் நின்ற வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறித் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இருபத்தைந்து வயது. இன்று அந்த ஸ்டேஷன் பலகையில் வாஞ்சி மணியாச்சி என்று இருக்கிறது.

வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தைப் படித்தவர்கள், அதிலுள்ள சனாதனப் பேச்சைச் சுட்டிக்காட்டி வேறு விதமாகவும் பேசுகிறார்கள். ஆஷைப் பற்றி நல்ல நினைவு வைத்திருக்கும் குடும்பங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் பெயர் அந்த இடத்தோடு ஒட்டியிருப்பதால்தான் அந்த வழக்கே உயிரோடு இருக்கிறது. பலகையைப் பார்க்கிறவன் கேட்கிறான், கேட்டால் இரண்டு கதையும் வருகிறது. மணியாச்சியும் பலகையில் அப்படியே இருக்கிறது.

பாலருவி எக்ஸ்பிரஸ் இப்போது பாலக்காட்டிலிருந்து தூத்துக்குடி வரை போகிறது. புனலூரில் ஏறினால் மலையைத் தாண்டி, செங்கோட்டை, திருநெல்வேலி, வாஞ்சி மணியாச்சி வழியாகவே போகும். அவர் வேலை பார்த்த ஊரையும் அவர் பெயர் ஏறிய ஸ்டேஷனையும் ஒரே வண்டி தினமும் தொட்டுவிட்டு வருகிறது.

ஜூன் 19

அண்ணாச்சி விடவில்லை. "வடவன்னூரைப் பார்த்தாயா?" என்று கேட்டார். பாலக்காட்டுப் பக்கம் வடவன்னூர், எம்.ஜி.ஆர். குடும்பத்தின் பூர்வீக ஊர். அவருடைய பழைய வீட்டைப் புதுப்பித்து நினைவில்லமாக்கியிருக்கிறார்கள். "அந்தப் பெயர் இல்லையென்றால் அந்த ஓட்டு வீட்டை எவன் தொட்டிருப்பான்? பக்கத்தில் அதே மாதிரி எத்தனை ஓட்டு வீடு மண்ணாய்ப் போயிற்று, எண்ணிச் சொல்லு தங்கச்சி."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன். பெயர் காக்கும் என்பது சில இடங்களில் உண்மைதான். அதை நான் முதல் நாளே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் அண்ணாச்சி, அந்த வீட்டில் அவர் வாழ்ந்தார். அதனால் அந்தப் பெயருக்கு அங்கே எடை இருக்கிறது. நம் ஸ்டேஷனுக்கு நாம் தேர்ந்தெடுக்கும் தலைவர் அங்கே ஒரு டீயாவது குடித்திருப்பாரா? ஆறு மாதம் கழித்து இன்னொரு கட்சிக்காரர் இன்னொரு பெயரோடு வருவார். இந்தப் பக்கம் தமிழ்த் தலைவர் பெயர், அந்தப் பக்கம் மலையாளத் தலைவர் பெயர் என்று ஆகும். எல்லையில் இருக்கிற நமக்கு அது எங்கே போய் நிற்கும் என்று தெரியாதா? சண்டை முடிவதற்குள் கூரை விழுந்துவிடும்.

ஜூன் 20

ஒரு சின்னத் தகவல். சென்ட்ரலின் பெயர் எத்தனை முறை மாறினாலும் டிக்கெட்டில் அச்சாகும் குறியீடு எம்.ஏ.எஸ்.தான். மெட்ராஸ் அதில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கொல்லத்துக்கு க்யூ.எல்.என்., அது குயிலோன். முகல்சராய்க்கு மட்டும் எம்.ஜி.எஸ்.ஸையும் எடுத்து டி.டி.யு. ஆக்கிவிட்டார்கள்.

ஜூன் 22

நேற்று அண்ணாச்சியே நேரில் வந்துவிட்டார். இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். பொறுப்பில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, மலையாளி, "நோக்கிக்கொள்ளுங்கள் அம்மா" என்று சாவியைக் கொடுத்தான்.

சுவரில் ஓர் இடத்தில் மார்பளவு உயரத்துக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். எந்தக் காலத்திலோ யாரோ நல்லெண்ணத்தில் செய்த வேலை. அதுதான் சுவரைத் தின்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய கல்சுவர் மூச்சு விடும். உள்ளே இறங்கும் ஈரம் காரை வழியாகவே வெளியேறும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, காரையை மாவாக்கிவிடும். அண்ணாச்சி நகத்தால் சுரண்டினார், பூச்சு பத்தையாக வந்தது, அதன் பின்னால் இருந்த காரை ஈரமாகக் கையோடு உதிர்ந்தது. பூசாத இடத்தில், நூற்றிருபது வருடத்துக் காரையில் என் நகம் இறங்கவில்லை.

அண்ணாச்சி கொத்தனாராக நாற்பது வருடம் இருந்தவர். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, மனு எழுதச் சொன்னதோடு சரி. "சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரை போட வேண்டும். சிமெண்டை முதலில் செதுக்கி எடுக்க வேண்டும். ஓடு மாற்ற இரண்டு ஆள் போதும்" என்றார். பிறகு டிக்கெட் ஜன்னலுக்குப் போய், அந்தக் கல் குழியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"என் கையும் இதில் தேய்ந்திருக்கு தங்கச்சி" என்றார். அவர் புனலூருக்கு வேலைக்குப் போய்வந்தது இந்த ஜன்னலில் டிக்கெட் வாங்கித்தான்.

ஜூன் 24

மனு எழுதுகிறேன். பெயர் மாற்றம் அதில் இல்லை, அண்ணாச்சியும் கேட்கவில்லை. ஸ்டேஷன் பெயரை மாற்ற வேண்டுமென்றால் மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், மத்திய உள்துறை ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் பலகை. எங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. கூரைக்கு அவசரம்.

நூறு வயது தாண்டிவிட்டதால் கட்டடம் தானாகவே பாதுகாக்கப்பட்டதாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வயது ஒரு தகுதிதான். அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் சட்டம் கை கொடுக்கும்.

ஆகவே கேட்பது: கிடங்குச் சாமான்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். கூரை ஓட்டை இந்த மழைக்குள்ளேயே சரி செய்ய வேண்டும். சிமெண்டுப் பூச்சை எடுத்துச் சுண்ணாம்புக் காரை போட வேண்டும். அதன் பிறகு அந்தக் கட்டடத்தைக் காத்திருப்பு அறையாகத் திறக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் பிளாட்பாரத்தில் குளிரில் படுக்கிறார்கள். ஆரியங்காவு ஐயப்பன் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து பெண் வீட்டாராகச் சௌராஷ்டிர ஜனங்கள் வருகிறார்கள். சம்பந்திகளை உட்காரவைக்க ஒரு கூரை வேண்டாமா? ஆள் வந்து உட்கார்ந்தால் கட்டடம் நிற்கும். இருபது நாளாக நான் சுற்றிச்சுற்றிச் சொல்ல வந்தது இவ்வளவுதான் என்று இப்போதுதான் எனக்கே பிடிபடுகிறது.

கழுதுருட்டிப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலத்தை மனுவில் உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். அகலப் பாதை வந்தபோது அதை இடிக்கவில்லை, கான்கிரீட்டால் வலுவூட்டி அதன் மேலேயே இன்றைய வண்டிகளை விடுகிறார்கள். பாலத்துக்கு வேலை இருந்தது, பிழைத்தது.

ஜூன் 28

மனுவை மூன்று மொழியில் அச்செடுத்தாயிற்று. மலையாளப் பிரதியை என் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் சேச்சி திருத்திக் கொடுத்தார். நூற்றுப் பதினோரு கையெழுத்து. அதில் ஒன்பது கைநாட்டு, எல்லாம் பழைய கேங்மேன் வீடுகளிலிருந்து.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு, பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரம்பு வளையம். தோல் பை இல்லை, கட்டியிருந்த கம்பி மட்டும் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. மீட்டர் கேஜ் நின்ற பிறகு குப்பையோடு குப்பையாக எரிக்கப் போட்டிருந்ததை எடுத்துக்கொண்டு போனாராம். "கூரை சரியான அன்றைக்கு அந்த அறையில் மாட்டு. அதுவரை உன்னிடம் இருக்கட்டும்" என்றார். ஜெராக்ஸ் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 30

பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. சாவி கொடுத்த பிள்ளை அவனாகவே ஒரு தார்ப்பாயைக் கூரைமேல் போட்டுக் கல் வைத்திருக்கிறான். டோக்கன் அறையில் தண்ணீர் இல்லை. மனுவுக்கான ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.